சனிக்கிழமை ரீடிங்

9

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் மகள் இன்னும் நிற்கிறாள். கையில் அப்பாவின் நீல அட்டை நோட்டு. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அது நிற்பதற்குள் நோட்டை அலமாரியில் பழையபடி வைத்துவிட வேண்டும்.

நோட்டின் முன்பக்கக் கதை நமக்குத் தெரிந்ததுதான். நான்கு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு. இரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட். பிறகு மருத்துவமனையிலேயே வாரம் மூன்று நாள் இதயப் பயிற்சி வகுப்பு. வகுப்பு நடந்த கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்ததால் இரண்டு வாரமாக அது நிறுத்தம். மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே நடப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைக் கைகளால் தள்ளுவது. முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி எழுத வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பயிற்சியாளர் போன் செய்வார், எண்களைப் படிக்க வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற மின்சார மீட்டர் ரீடர். முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி எண் எழுதியவருக்கு எண் எழுதச் சொல்லியா தர வேண்டும்? கோடு போட்டு, தேதி போட்டு, 'முன்', 'பின்' என்று தலைப்பும் போட்டு அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார். 72, 94. 70, 96. 74, 95. ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது.

அதுதான் மகளுக்கு உறுத்தியது.

அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அங்கே அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். அடுப்புப் பக்கமே போகாமல் அடுப்புச் சூட்டை எழுதி வைத்த ஒரு மேற்பார்வையாளரை, எழுத்து அழகாக இருந்த ஒரே காரணத்துக்காகப் பிடித்தவள். நிஜமாகவே நின்று பார்த்து எழுதினால் ஒரு கறையாவது இருக்கும் என்பது அவள் கட்சி. அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதப் பழகிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசியிலிருந்து புரட்டியபோதுதான் அந்தப் பக்கம் வந்தது. அதற்குத் தலைப்பு இல்லை. வெறும் தேதி, பக்கத்தில் எண். 112. 98. க.பூ. 126. க.பூ. க.பூ. 118.

க.பூ. என்றால் கதவு பூட்டு. ரீடிங் எடுக்கப் போன வீட்டில் ஆள் இல்லையென்றால், எண் இருக்க வேண்டிய இடத்தில் அதை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். தன் வட்டாரத்திலேயே குறைவாகக் க.பூ. எழுதியவர் என்று அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. காலையில் பூட்டியிருந்த வீட்டு வாசலில் சாயங்காலம் மறுபடி போய் நிற்பார். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த மகளுக்குக் காது புளித்துப் போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஏழு நாளில் மூன்று க.பூ. எழுதியிருக்கிறார்.

தொழிற்சாலைப் புத்திக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பதிவேடு, உண்மைக்கு இன்னொரு பதிவேடு. முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் நிஜம். அப்பாவின் இதயம் தாறுமாறாக ஓடுகிறது, மூன்று நாள் பயிற்சியே செய்யவில்லை, இரண்டையும் மறைக்கிறார்.

ஏன் மறைக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமைக்காக.

திங்கட்கிழமை அவள் தலைமை அலுவலகத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்தால் தொழிற்சாலை முழுவதற்கும் அவள்தான் தரக்கட்டுப்பாட்டுத் தலைவி. இதே வாய்ப்பு நான்கு மாதத்துக்கு முன்பும் வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா மாடிப்படியில் சரிந்தார். அவள் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டதே அதிசயம், மூன்றாவது முறை யாரும் கூப்பிடப் போவதில்லை. போவதா, இருப்பதா?

தண்ணீர் நின்றது. நோட்டு அலமாரிக்குள் போனது. வெளியே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு.

"எங்கேம்மா போன?"

"கீழ் வீட்டுக்கு. டியூஷன் டீச்சர் ஜன்னலுக்கு அளவெடுக்கணும்னு சொன்னேனே."

"ஒரு மாடி ஏறி இறங்க லிஃப்டா?"

"ஏன், லிஃப்ட் தேஞ்சு போயிடுமா?"

அம்மா தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரைச்சீலை தைத்துத் தருவது அவள் தொழில். கூடத்தில் பாதியைத் துணி மூட்டைகளும் மீதியை மெஷினும் எடுத்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்தவள் வேலையை எடுக்கவில்லை, அலமாரியைப் பார்த்தாள்.

"இதை யார் திறந்தா?"

"நான்தான். கத்தரிக்கோல் தேடினேன்."

"கத்தரிக்கோல் என்னிக்கு அங்க இருந்துது?"

குளித்துவிட்டு வந்த அப்பா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். அன்று காலையில் ஆளுக்கு இரண்டு பேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதரை மணி ஆனதும் அப்பாவும் அம்மாவும் படுக்கையறைக்குள் போனார்கள். பயிற்சி நேரம். மற்ற நாட்களில் மகள் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள், இதைப் பார்த்ததில்லை.

"கதவை எதுக்குப்பா சாத்தறீங்க?"

"நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கூச்சமா இருக்கும்மா."

முப்பத்தோரு வருடம் ஊரில் உள்ள நாயெல்லாம் குரைக்கக் குரைக்க அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்த மனிதருக்கு, பெற்ற மகள் முன்னால் கூச்சமாம். கதவு சாத்திக்கொண்டது. மகள் ஓசைப்படாமல் போய்க் காதை வைத்தாள். வெட்கமில்லாமல்தான் வைத்தாள், நான் மறைக்க விரும்பவில்லை.

அப்பா எண்ணுவது கேட்டது. காலடிச் சத்தம் கேட்டது. நடுநடுவே அம்மாவின் பேச்சும் கேட்டது. பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. பயிற்சியின்போது ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், முடியவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

"டீச்சர் வீட்டு... ஜன்னல்... ஆறடி..." என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது.

"போதும், நிறுத்திக்கலாம்" என்றார் அப்பா.

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம். இருபத்தைந்து நிமிடம் செய்ய வேண்டியவர் எட்டில் நிறுத்துகிறார். அவர் படுகிற பாட்டைப் பார்த்து அம்மாவுக்குப் பேச்சே எழவில்லை. மகளுக்கு அப்படித்தான் தோன்றியது.

கதவு திறந்ததும் அம்மா நேராக முகம் கழுவப் போனாள். அப்பாவின் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பயிற்சியே சரியாகச் செய்யவில்லை என்பதற்கு இதுவும் சாட்சி என்று மகள் குறித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. அப்பா அதையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். பால்கனி வாசலில், தைத்து முடித்த ஒரு பச்சைத் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்க்க அம்மா அங்கேதான் மாட்டுவாள். மகள் அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள். தலைவியாகப் போகிறவள் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள்.

பயிற்சியாளருக்கு வகுப்பில் 'விசில் மேடம்' என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பேங்க் மேனேஜரிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும், இதயத்தில் ஓட்டை உடைசல் உள்ள பன்னிரண்டு பேரை அதை வைத்தே கட்டி மேய்ப்பவர். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சொல்லுங்க சார். போன வாரம் அருமையா இருந்துது. இந்த வாரம்?"

அப்பா நோட்டைத் தலைகீழாகத் திருப்பினார். பின்பக்கத்திலிருந்து படித்தார்.

"நூத்திப் பன்னெண்டு. தொண்ணூத்தெட்டு. அப்புறம் ஒருநாள் எடுக்கலை. நூத்தி இருபத்தாறு. ரெண்டு நாள் எடுக்கலை. நூத்திப் பதினெட்டு."

"இதெல்லாம் பயிற்சிக்கு அப்புறம்தானே?"

"இல்லை மேடம். முன்னாடி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எப்படி எண்ணினீங்க? பதினஞ்சு செகண்டா?"

"பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா தடவைக்கு ஒண்ணு வருது. அதனால முழு நிமிஷம் எண்ணினேன். ரெண்டு துடிப்பு சேர்ந்தாப்பல வருது, அப்புறம் ஒண்ணைக் காணோம், அப்புறம் மூணு அவசர அவசரமா வருது."

"மூச்சு எப்படி இருக்கு?"

"ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை மேடம்."

"இப்ப முழுசாத்தானே சார் பேசறீங்க?"

அப்பா திணறினார். "இப்ப... இப்ப பரவாயில்லை. மேடம், இந்த மாதிரி நம்பர் வர்றவங்களுக்கு என்ன பண்ணணும்? ஏதாவது மாத்திரை உண்டா?"

"வர்றவங்களுக்கா?"

"எனக்கு வந்திருக்கே, அதைத்தான் கேக்கறேன்."

"பயிற்சியை இப்பவே நிறுத்துங்க. ஒரு மணிக்குள்ள இங்க வாங்க. ஈசிஜி பாக்காம போன்ல ஒண்ணும் சொல்ல முடியாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா என்னைத் தேடாதீங்க, நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிடுங்க."

அப்பா போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பச்சைத் திரைச்சீலைக்குள்ளிருந்து மகள் வெளியே வந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"வந்து ரொம்ப நேரமாச்சு. கிளம்புங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்க கிளம்பறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அப்பாவுக்கு ஈசிஜி எடுக்கணுமாம். நீயும் வா."

"நான் வரலை. டீச்சர் துணியை வெட்டணும்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த நான்கு மாதத்தில் அப்பா ஒரு இருமல் இருமினால்கூட மருத்துவமனைக்குக் கூடவே ஓடி வந்தவள் அம்மா. இன்றைக்குத் துணி வெட்ட வேண்டுமாம்.

"ஷூவைக் காணோமே" என்று அப்பா தேடினார்.

"செருப்பு போதும். அங்க ஓடவா போறீங்க?" என்ற அம்மா, அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினால் கேட்காது என்று நினைத்தது அவள் தப்பு. "எனக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் இருக்கட்டும்."

ஆக, இரண்டு பேரும் கூட்டு. மகளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. தன்னை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாவைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார்களா?

வாடகைக் காரில் ஏறியதும் கேட்டுவிட்டாள்.

"எத்தனை நாளாப்பா?"

"எது?"

"நோட்டோட பின்பக்கம்."

அப்பா அதிர்ந்து போனார். "அதைப் பாத்தியா? அடுத்தவங்க மீட்டர் பெட்டியைத் திறக்கக் கூடாதும்மா."

"அது உங்க நெஞ்சு மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது எங்க அப்பாவோட நெஞ்சு. எனக்கும் அதுல பாத்தியதை உண்டு. நான் திங்கட்கிழமை போகணும்னு நீங்க உயிரைப் பணயம் வெப்பீங்களா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் நிறைந்துவிட்டது. ஆனால் காரணம் அவள் நினைத்தது அல்ல.

மருத்துவமனையின் பயிற்சிக் கூடம் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் நடைப்பயிற்சி இயந்திரங்களுக்கு மேல் பிளாஸ்டிக் தாள், தரையில் வரிசையாக வாளிகள். விசில் மேடம் அடுத்த அறையில் காத்திருந்தார், பக்கத்தில் ஒரு இளம் டாக்டர். அப்பாவைப் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினார்கள். நீளமான தாள் ஒன்று வெளியே வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். மேடம் தன் பங்குக்கு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுபத்திரண்டு. கடிகாரம் மாதிரி ஓடுது" என்றார்.

"ஈசிஜியிலயும் புதுசா ஒண்ணும் இல்லை. போன தடவைக்கு இது எவ்வளவோ மேல்" என்றார் டாக்டர்.

மகளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நல்ல பிஸ்கட் பெட்டி என்று சீல் வைத்தபிறகும் எங்கேயோ ஒரு கெட்டது போயிருக்கிறது என்று உறுத்துமே, அந்த உறுத்தல்.

மேடம் நோட்டை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சார், இது யாரோட நம்பர்?"

அப்பா படுத்தபடியே கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரீடிங் எல்லாம் சரி மேடம். இணைப்பு எண்தான் தப்பு."

மீட்டர் வேலையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒரு வீட்டின் எண்ணை இன்னொரு வீட்டின் கணக்கில் எழுதுவது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைச் செய்ததில்லை. செய்தவர்களோடு உட்கார்ந்து டீ குடித்ததும் இல்லை.

"கிளாஸ்ல பன்னெண்டு பேரோட நடந்துட்டு, வீட்ல தனியா நடக்க எனக்கு மனசு வரலை. அதனால இவங்க அம்மாவையும் கூட நடக்கச் சொன்னேன். பேசிக்கிட்டே நடக்கணும்னு போட்டிருந்தீங்களே, பேசினோம். நான் முழுசா பேசினேன். அவளால முடியலை. பாதியில நின்னு நின்னு மூச்சு வாங்கறா. சரி, கையைக் குடுன்னு பிடிச்சு எண்ணினேன். சில நாள் கையையே குடுக்க மாட்டேன்னுட்டா. அதான் க.பூ."

மகள் படுக்கை ஓரத்துக்கு வந்தாள்.

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டாம்மா. நீ திங்கட்கிழமை வண்டி ஏறினப்புறம் அவளே டாக்டர்கிட்ட வருவாளாம். அதுக்கு முன்னாடி உன் காதுல விழுந்தா எப்பவும் வர மாட்டாளாம். அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா? அதான், என் பேர்ல சொன்னா மேடம் போன்லயே ஏதாவது மாத்திரை சொல்லிடுவாங்கன்னு..."

"சொல்லியிருந்தா?" மேடத்தின் கை விசிலை இறுகப் பிடித்திருந்தது. "அதை நீங்க முழுங்கியிருப்பீங்களா, அவங்களுக்குக் குடுத்திருப்பீங்களா?"

அப்பா எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"ரெண்டுமே விபரீதம் சார். போங்க, உடனே அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அசையாம உட்காரச் சொல்லுங்க. எந்தப் பயிற்சியும் கூடாது. நான் நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

மகள் வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவளைக் குத்தியது. ஒரு மாடிக்கு லிஃப்ட். ஸ்டூலில் உட்கார்ந்தும் தைக்காமல் இருந்த கைகள். இரண்டு தலையணை வைத்துத் தூங்க ஆரம்பித்தது. வாளியைப் பாதி மட்டும் நிரப்புவது. 'டீச்சர் வீட்டு ஜன்னல் ஆறடி' என்று சொல்ல மூன்று தடவை நின்றது. அத்தனையும் கண் முன்னால்தான் நடந்தது. ஊரையெல்லாம் சலிக்கும் சல்லடை, தினமும் தனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலே வந்தார்கள். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

"அம்மா!"

இரண்டு பேரும் கதவில் காதை வைத்தார்கள். உள்ளே காலடிச் சத்தம். நின்ற இடத்திலேயே நடக்கிற காலடி. அதோடு ஒரு குரல்.

"...பதினாலு... பதினஞ்சு..."

இடைவெளி. நீண்ட இடைவெளி.

"...பதினாறு."

"அம்மா, நிறுத்து! கதவைத் திற! நிறுத்தும்மா!" மகள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். டியூஷன் டீச்சர் கீழிருந்து எட்டிப் பார்த்தார்.

தாழ்ப்பாள் விலகியது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. காலில் அப்பாவின் காணாமல்போன ஷூ, பெரிதாக இருந்ததால் லேஸை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"நீங்க... வர்றதுக்குள்ள..."

"என்னம்மா பண்ணிக்கிட்டு இருக்க?"

"அவருக்கு... இதைப் பண்ணித்தானே... நம்பர் இறங்கிச்சு. எனக்கும்..."

முடிக்க முடியவில்லை. அப்பா அவளைத் தாங்கி ஸ்டூலில் உட்காரவைத்தார். "ஐயோ, அது எனக்கு டாக்டர் பாத்துக் குடுத்ததுடி. உனக்கு யார் பாத்தா?" என்றார்.

"நெஞ்சு வலிக்குதா? மயக்கமா வருதா?" என்று கேட்டாள் மகள். அம்மா இல்லை என்று தலையசைத்தாள். கையை மட்டும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கையைக் குடும்மா."

அம்மா நகரவில்லை. மகள் தரையில் மண்டியிட்டு, அந்தக் கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். இரண்டு துடிப்பு, ஒரு வெறுமை, அவசரமாக மூன்று. பத்து விநாடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முழு நிமிடம் எண்ணினாள்.

"நூத்தி முப்பத்தி நாலு."

அப்பா நோட்டைத் திருப்பினார். பேனாவை எடுத்தவர், எண்ணை எழுதுவதற்கு முன், ஒரு வாரமாகக் காலியாக இருந்த இடத்தில் 'மனைவி' என்று தலைப்பு எழுதினார். இந்தத் தடவை எழுத்து கோணியது.

"கிளம்பலாம்மா. கீழே கார் நிக்குது."

"ஒண்ணு சொல்லு." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "திங்கட்கிழமை... நீ போவியா? ஒரு தடவை... அவருக்காக விட்ட. எனக்காகவும்... விடக் கூடாது. போவேன்னு சொன்னாத்தான்... எழுந்திருப்பேன்."

காலையிலிருந்து பொய்யைத் தேடி அலைந்தவள், ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"போவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது அந்த வார்த்தை. அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். சல்லடையைப் பெற்றவள் அல்லவா? அவள் நம்பவில்லை.

ஆனாலும் காலை நீட்டினாள். குனிந்து லேஸை அவிழ்க்க அவளால் முடியவில்லை. மகள் அவிழ்த்தாள்.